கையும் கார்டுமாக

கனடாவில் இருந்துகொண்டு ஊருக்குள் பறக்க விமான டிக்கெட் எடுக்க நினைப்பவர்கள் இந்தக் கையேட்டைச் சாப்பிட்டுவிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு படிக்கவும். டொராண்டோவிலிருந்து சென்னை வரைக்கும் எடுப்பதில் பெரிய சிரமம் இருக்காது. ஆயிரக்கணக்கில் டாலர் போகிற சமாசாரம், சத்தமில்லாமல் போய்விடும். சென்னையிலிருந்து தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்துக்கு எடுக்கிற டிக்கெட்தான், சில ஆயிரம் ரூபாய் பெறுமானம், உங்கள் நாணயத்தைச் சோதிக்கும். லண்டன், பாரிஸ், சிட்னிவாசிகளும் இதே முறையைக் கையாளலாம். அஞ்சல் குறியீடு மட்டும் மாறும், பலன் ஒன்றே.

தேவையானவை: கனடா வங்கி கொடுத்த கார்டு ஒன்று (அதில் பணம் இருக்கலாம், இல்லாவிட்டாலும் விடை அதேதான்). முதல் கார்டு மடங்கும்போது எடுக்க இன்னொன்று. சார்ஜ் ஏற்றிய போன். போன தடவை ஊருக்குப் போனபோது வாங்கி, இப்போது எந்த டப்பாவில் கிடக்கிறதென்று தெரியாத இந்திய சிம். தூத்துக்குடியில் ஒரு சித்தப்பா. சித்தப்பா கடைசியில்தான் தேவைப்படுவார், ஆனால் ஒரு வாரம் முன்பே கூப்பிட்டு நலம் விசாரித்து வைப்பது நல்லது. காரியம் என்றால்தான் பேசுவான் என்ற பேச்சு வராது.

முதலில் பெயர். படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நம்மிடம் இருப்பதோ ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். இனிஷியலைக் கடைசிக் கட்டத்தில் போட்டால் குறைந்தது இரண்டு எழுத்தாவது வேண்டும் என்று சிவப்பில் எழுதிக் காட்டும். பாஸ்போர்ட் எடுத்தபோது இனிஷியலை விரித்து அப்பா பெயரை எழுதியிருப்பீர்கள். கனடாவில் இறங்கிய அன்றே அது உங்கள் குடும்பப் பெயராகிவிட்டது. நீங்கள் எஸ். முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். வங்கிக்காரர்கள் உங்களை மிஸ்டர் சுப்பையா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா சுப்பையா வல்லநாட்டைத் தாண்டாத மனுஷர், டொராண்டோவில் அவர் பெயரில் கிரெடிட் கார்டு புழங்குகிறது.

ஆகவே பயணி பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடியும், கார்டுதாரர் பெயரைக் கார்டில் உள்ளபடியும் எழுதுங்கள். பார்க்கிறவர்களுக்கு இரண்டு ஆள் மாதிரித் தெரியும். கவலை வேண்டாம். பெரும்பாலான கார்டு பரிவர்த்தனைகளில் வங்கி பெயரை ஒப்பிட்டுப் பார்ப்பதே இல்லை. எண், காலாவதித் தேதி, முதுகில் உள்ள மூன்று இலக்கம், இவற்றை வைத்துத்தான் காரியம் நடக்கிறது. பெயர்க் கட்டத்தை அழித்து அழித்து எழுதிய அரை மணி நேரம் உங்கள் மனத்திருப்திக்கு.

அடுத்தது முகவரி. நாடு என்ற இடத்தில் கனடாவைத் தேர்ந்தெடுத்துவிட்டு மாநிலப் பட்டியலைத் திறந்தால் ஆந்திரத்தில் தொடங்கி மேற்கு வங்கம் வரை வரும். ஒன்டாரியோ அதில் இருக்காது. தமிழ்நாட்டையே போடுங்கள், பிறந்த மண் கோபித்துக்கொள்ளாது. பின்கோடு ஆறு இலக்கம் கேட்கும். இந்தியாவில் 1972 ஆகஸ்ட் 15இலிருந்து அது ஆறு இலக்கம்தான். உலகமும் அப்படியேதான் இருக்கும் என்று படிவம் செய்தவர் நம்பியிருக்கிறார். கனடாவின் குறியீடும் ஆறுதான், ஆனால் எழுத்தும் எண்ணும் மாறி மாறி வரும். டொராண்டோ என்றால் ‘எம்’மில் தொடங்கும். எம்மைத் தட்டினால் கட்டம் வாங்காது. இன்னும் அழுத்தித் தட்டிப் பாருங்கள், அப்போதும் வாங்காது.

இதில் ஒரு கூத்து உண்டு. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் வங்கிகள் முகவரியைச் சரிபார்க்க ஒரு வழி வைத்திருக்கின்றன. கதவு எண்ணையும் அஞ்சல் குறியீட்டையும் தங்கள் ஏட்டில் உள்ளதோடு ஒப்பிட்டு, பொருந்துகிறதா இல்லையா என்று ஒற்றை எழுத்தில் பதில் அனுப்புவார்கள். எல்லை தாண்டி அமெரிக்கப் பெட்ரோல் பங்க்குக்குப் போகும் கனடாக்காரர்களிடம் அங்குள்ள இயந்திரம் ஐந்து இலக்கம் கேட்கும். அவர்கள் தங்கள் குறியீட்டிலிருக்கும் எழுத்துகளைத் தள்ளிவிட்டு, மிச்சமுள்ள மூன்று எண்ணையும் பின்னால் இரண்டு பூஜ்யத்தையும் தட்டி டேங்க்கை நிரப்பிக்கொள்வார்கள். வாகைக்குளம் டிக்கெட்டுக்கு அந்த உபாயம் ஒரு இலக்கம் குறைகிறது. மூன்றாவது பூஜ்யமாக ஒன்றைச் சேருங்கள். கட்டம் வாயை மூடிக்கொள்ளும். நீங்கள் இப்போது கனடா நாடு, தமிழ்நாடு மாநிலம், இல்லாத ஊரில் குடியிருக்கிறீர்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

செல்போன் எண். இங்கேதான் நிதானம் வேண்டும். கட்டத்துக்கு முன்னால் +91 என்று அச்சடித்தாற்போல் நிற்கும், சில இடங்களில் அதை அசைக்கவே முடியாது. கனடா எண்ணிலும் பத்து இலக்கம், இந்திய எண்ணிலும் பத்து இலக்கம். டொராண்டோவில் 647 என்று தொடங்கும் எண்கள் ஏராளம். இந்தியச் செல்போன் எண்களும் 6, 7, 8, 9இல் தொடங்கலாம். ஆக உங்கள் எண்ணைத் தட்டியதும் படிவம் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வாங்கிக்கொள்ளும். இந்த மொத்தப் படிவத்தில் நீங்கள் சொன்ன ஒன்றைத் தடையில்லாமல் ஏற்றுக்கொண்ட இடம் இதுவாகத்தான் இருக்கும். டிக்கெட் வந்தால், விமானம் தாமதமானால், கேட் மாறினால், எல்லாத் தகவலும் பீகாரிலோ பெல்லாரியிலோ அதே பத்து இலக்கத்தை வைத்திருக்கும் யாரோ ஒருவருக்குப் போகும். அவருக்கு வாகைக்குளம் எங்கே இருக்கிறதென்று தெரிந்துகொள்ள ஒரு வாய்ப்பு.

கார்டு எண்ணைத் தட்டும்போது ஒரு இலக்கம் தப்பினால் உடனே கண்டுபிடித்துச் சொல்லிவிடும். ஐபிஎம்மில் வேலை பார்த்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கணக்கு அது. ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டித்து, வருகிற இலக்கங்கள் எல்லாவற்றையும் கூட்டினால் பத்தால் வகுபட வேண்டும். பணம் கட்டும் பக்கத்தில் சொன்னபடி வேலை செய்கிற பகுதி அது ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம். எண்ணின் முதல் ஆறு அல்லது எட்டு இலக்கத்தைப் பார்த்தாலே எந்த வங்கி, எந்த நாடு என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். பிறகு எதற்கு நாடு எது என்று கேட்டார்கள்? நீங்கள் உண்மை சொல்கிறீர்களா என்று பார்க்க. கனடா என்று உண்மையைத்தான் சொன்னீர்கள். மாநிலம்தான் காலை வாரிவிட்டது.

இனி பொத்தானை அழுத்தலாம். மேலே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும், அதைப் பார்க்காதீர்கள்.

ஓடிபி. இந்திய ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் 1 முதல் இணையத்தில் கார்டு போடுவதற்குக் கூடுதலாக ஒரு அடையாளச் சோதனை வேண்டும் என்று விதித்தது. அதனால்தான் ஊரில் பால் பாக்கெட் ஆர்டர் செய்தாலும் போனில் எண் வந்து விழுகிறது. நல்ல விதி, அதில் தப்பித்த பணம் எவ்வளவோ இருக்கும். ஆனால் அது இந்தியாவில் கொடுக்கப்பட்ட கார்டுகளுக்கான கட்டாயம். வெளிநாட்டுக் கார்டுக்குச் சட்டம் அப்படிக் கேட்கவில்லை. கேட்பது கடைக்காரர். காரணம் எளிது. கார்டுக்காரர்தான் வாங்கினார் என்பது ஓடிபி போன்ற சோதனையில் உறுதியாகிவிட்டால், பிறகு இது திருட்டு என்று தெரியவந்தாலும் நட்டம் பொதுவாக கார்டு கொடுத்த வங்கியின் தலையில் விழும். சோதனை இல்லாமல் விற்றால் நட்டம் விற்றவருக்கு. விசா இந்த ஏற்பாட்டை 2001 வாக்கில் கொண்டுவந்தது, மற்றவர்களும் அதே வழியில் வந்தார்கள். ஆக உங்கள் போனில் வரும் ஆறு இலக்கம் உங்கள் பாதுகாப்புக்கு என்று எழுதியிருந்தாலும், யார் தலையில் கட்டுவது என்ற வழக்கின் தீர்ப்பும் அதற்குள்தான் இருக்கிறது.

உங்கள் கனடா வங்கி ஓடிபி அனுப்பும் ரகமா, தன் ஆப்பைத் திறந்து ஆமாம் என்று அழுத்தச் சொல்லும் ரகமா, இரண்டும் இல்லாத ரகமா என்பதை அறிய ஒரே வழி, டிக்கெட் எடுத்துப் பார்ப்பது. இரண்டும் இல்லாத ரகமென்றால் பக்கம் வெள்ளையாகி, ஒரு வட்டம் சுற்றி, சுற்றி, நின்றுவிடும். அனுப்பும் ரகமென்றால் நீங்கள் டொராண்டோவில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஆனால் உள்ளூர் டிக்கெட்டை ஊருக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று சென்னையில் வந்து இறங்கி, ரோமிங் காசு கொள்ளை என்று கனடா சிம்மைக் கழற்றி பர்ஸில் செருகி வைத்திருப்பீர்கள். ஓடிபி அந்த பர்ஸுக்குத்தான் வரும். ஊசியை வைத்து சிம் தட்டைக் குத்தித் திறந்து, விரல்நகம் அளவுள்ள அந்தத் துண்டை மாற்றி, சிக்னல் கோடு ஏறும்வரை போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் எண் வந்து சேரும். கடிகாரம் அதற்குள் நின்றிருக்கும்.

இப்போது திரையில் ஒரு வாசகம் வரும்: மன்னிக்கவும், உங்கள் பேமென்ட் தோல்வியடைந்தது. ஏன் என்று கேட்காதீர்கள், அவர்களுக்கே தெரியாது. வங்கிகள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும் பாஷையில் மறுப்புக்கு எண்கள் உண்டு. 51 என்றால் பணம் போதவில்லை, 54 என்றால் கார்டு காலாவதி. 05 என்றும் ஒன்று உண்டு. அதற்கு, மதிக்காதே என்று அர்த்தம். ஏன் மதிக்கக்கூடாது என்ற விளக்கம் அதோடு வராது. நமக்கு வருவது அநேகமாக 05தான். பணம் இல்லை என்று சொல்லியிருந்தால்கூட மனுஷனுக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

விமான நிறுவனங்களுக்கு இந்த அளவுக்குப் பயம் ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. திருட்டுக் கார்டில் டிவி வாங்கினால் அதை ஒரு முகவரிக்கு அனுப்ப வேண்டும், இடையில் நிறுத்தலாம். டிக்கெட் வாங்கினால் ஆள் மறுநாளே பறந்துவிடுவான், கார்டுக்குச் சொந்தக்காரர் ஸ்டேட்மென்டைப் பார்த்துப் புகார் கொடுக்க வாரங்கள் ஆகும். பறந்த இருக்கையைத் திருப்பி வாங்க முடியாது. இதற்காகவே யூரோபோல் பல நாட்டுப் போலீசையும் விமான நிறுவனங்களையும் கார்டு நிறுவனங்களையும் சேர்த்துக்கொண்டு, திருட்டுக் கார்டு டிக்கெட்டில் வருகிறவர்களை விமான நிலையத்திலேயே பிடிக்கும் நடவடிக்கைகளை நடத்தியிருக்கிறது. அதனால் ஒவ்வொரு டிக்கெட்டையும் ஒரு மென்பொருள் மோந்து பார்க்கிறது. திருடன் எப்படி வாங்குவான்? கடைசி நேரத்தில் வாங்குவான். போகிற டிக்கெட் மட்டும் எடுப்பான், திரும்புகிற டிக்கெட் எடுக்கமாட்டான். ராத்திரியில் வாங்குவான். கார்டு ஒரு நாடு, பயணம் இன்னொரு நாடு என்று இருக்கும். கார்டில் ஒரு பெயர், பயணி வேறு பெயர். ஒரு கார்டு மடங்கினால் உடனே அடுத்ததை எடுப்பான். விலையைப் பற்றிக் கவலைப்படமாட்டான்.

அப்பா தவறிவிட்டார் என்று ஊரிலிருந்து போன் வந்தவனும் இப்படித்தான் வாங்குவான். டொராண்டோவில் நடு ராத்திரி, அங்கே பகல். எடுப்பது அன்றைக்கே புறப்படும் விமானம். பதினாறாம் நாள் முடிந்தபிறகுதானே திரும்புவதைப் பற்றி யோசிக்க முடியும், ஆகவே ஒரு வழி டிக்கெட். தன் கார்டு மடங்கியதும் மச்சினன் கார்டு. என்ன விலையானாலும் சரி. அந்த மென்பொருள் தேடுகிற அடையாளம் ஒன்றுவிடாமல் அவனிடம் இருக்கிறது. உண்மையான திருடனுக்கோ, கார்டோடு சேர்த்துத் திருடிய முகவரி, தொலைபேசி எண், அஞ்சல் குறியீடு எல்லாம் கையில் இருக்கும், கட்டத்துக்குக் கட்டம் பொருந்தும். இரண்டு நாட்டில் வாழ்கிறவனுக்குத்தான் எதுவும் எதோடும் பொருந்தாது. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று படிவத்தில் தேடினேன், இல்லை.

ஆகவே டிக்கெட் எளிதில் கிடைக்க, எந்தத் துக்கமும் இல்லாத காலத்தில், மூன்று மாதம் முன்னதாக, காலை பத்து மணிக்கு, போக வர இரண்டுக்கும் சேர்த்து, விலை பார்த்து யோசித்து யோசித்து வாங்கவும்.

தோற்றபின் கஸ்டமர் கேருக்குப் போன் போடுவது மரபு. இசை முடிந்து ஆள் வருவார்.

“சார், எங்க சைடுல எந்தப் பிராப்ளமும் இல்ல. உங்க பேங்க்தான் டிக்ளைன் பண்ணியிருக்காங்க. அவங்களக் கேளுங்க சார்.”

வங்கியைக் கேட்டால், எங்களிடம் அப்படி ஒரு கோரிக்கையே வரவில்லை, கார்டு நன்றாக இருக்கிறது, இன்னொரு முறை முயலுங்கள், வேறு எதிலாவது உதவட்டுமா என்பார்கள். யார் பொய் சொல்கிறார்கள் என்று கோபப்படாதீர்கள். இரண்டு பேரும் உண்மையே சொல்லியிருக்கக்கூடும். டிக்கெட் விற்கும் தளத்துக்கும் உங்கள் வங்கிக்கும் நடுவில் பேமென்ட் கேட்வே என்று ஒருவர், கடைக்காரரின் வங்கி என்று ஒருவர், விசா அல்லது மாஸ்டர்கார்டு என்று ஒருவர் நிற்கிறார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்காத கதை, இங்கே மூன்று பூசாரி. முதலாமவர் வெளிநாட்டுக் கார்டு, முகவரி சந்தேகம் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார். சாமிக்கு நீங்கள் வந்ததே தெரியாது. அந்தப் பூசாரியின் போன் எண் மட்டும் யாரிடமும் கிடைக்காது.

சில சமயம் இதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் வாய்க்கும். டிக்கெட் தோல்வி, ஆனால் பணம் கார்டில் நிலுவை என்று தெரியும். இது போன பணமல்ல, பிடித்து வைத்த பணம். வங்கி ஒதுக்கிவைத்திருக்கிறது, கேட்க ஆள் வராவிட்டால் சில நாளில் தானே விட்டுவிடும். மறுபடி முயன்றால் மறுபடி பிடிக்கும். ஆத்திரத்தில் நாலைந்து தரம் அழுத்தினீர்கள் என்றால் ஒரு டிக்கெட்டும் இல்லாமல் குடும்பத்தோடு பறக்கிற அளவுக்குப் பணம் நிலுவையில் நிற்கும், கார்டின் வரம்பு முடிந்துவிடும். அப்புறம் வருவது 51, அதற்காவது காரணம் தெரியும். ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கைப்படி, இணையத்தில் கார்டு போட்டுப் பணம் கழிந்து கடைக்காரருக்கு உறுதி போகாவிட்டால் ஐந்து நாளுக்குள் திரும்பி வரவேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு. ஆனால் அது இரண்டு முனையும் இந்தியாவில் இருக்கும் பரிவர்த்தனைக்கு. உங்கள் ஒரு முனை டொராண்டோவில் இருக்கிறது.

பணம் எந்த நாணயத்தில் என்று கேட்டு ஒரு பெட்டி திறந்தால், கனடா டாலரில் காட்டுகிற தொகை பார்க்க அழகாக, சில்லறையோடு முழுசாக இருக்கும். அழகுக்கு விலை உண்டு, மாற்று விகிதத்தில் அவர்கள் தங்கள் பங்கை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பார்கள். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் பல கனடா கார்டுகள் 2.5 சதவீதம் தாங்கள் எடுத்துக்கொள்ளும். பொதுவாக இரண்டாவதில்தான் நட்டம் குறைவு. விளையாட்டில்லை, இந்த ஒரு வரியை மட்டும் நிஜமாகவே பின்பற்றலாம்.

ஊரில் இருந்து வெளிநாட்டுத் தளத்தில் வாங்குகிறவர்கள் தங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லையே என்று வருந்த வேண்டாம். 2020இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி புதுக் கார்டு உள்நாட்டு ஏடிஎம்முக்கும் கடை இயந்திரத்துக்கும் மட்டும்தான் திறந்து வரும். இணையத்துக்கும் வெளிநாட்டுக்கும் நீங்களே ஆப்பில் போய்த் திறந்துவிட வேண்டும். திறந்தாயிற்று என்றால் அடுத்த அதிர்ச்சி. எண்ணைப் போட்டு அழுத்தியதும் ஓடிபி எதுவும் கேட்காமல் அமெரிக்கத் தளம் பணத்தை எடுத்துக்கொண்டு நன்றி என்று சொல்லும். கொடுக்க முடியாமல் தவித்தவர்களைப் பற்றியே இதுவரை பேசினோம். கேட்காமலே எடுத்துக்கொண்டார்களே என்று பதறி, கார்டைப் பிளாக் செய்துவிட்டு சைபர் க்ரைமுக்குப் போன் போடும் அளவுக்குப் போனவர்கள் உண்டு.

கார்டைப் பிளாக் செய்வது பற்றி ஒரு எச்சரிக்கை. சந்தேகம் வந்தால் வங்கியே பிளாக் செய்து புது எண்ணோடு புதுக் கார்டு அனுப்பிவிடும். பழையதைக் கத்தரிக்கோலால் வெட்டிப் போடச் சொல்லிக் கடிதமும் வரும். வெட்டாதீர்கள். டிக்கெட் வாங்கிய கார்டைக் காட்டுங்கள் என்று செக்-இன் கவுன்டரில் கேட்கிற வழக்கம் பல நிறுவனங்களில் இன்னும் இருக்கிறது. பாதி கார்டை ஒரு கையிலும் மீதியை இன்னொரு கையிலும் சேர்த்துப் பிடித்துக் காட்டலாம், ஆனால் பின்னால் வரிசை நீளும்.

இந்தக் கட்டத்தில் நண்பர்கள் யோசனை சொல்ல வருவார்கள். விபிஎன் போட்டு இந்தியாவில் இருப்பதுபோலக் காட்டு என்பார் ஒருவர். காட்டலாம். கனடா கார்டு, இந்திய இணைய முகவரி, இல்லாத ஊர்ப் பின்கோடு, பெல்லாரிக்காரர் போன் எண் என்று உங்கள் ஜாதகம் அப்போது நிறைவு பெறும். யூபிஐ போடு என்பார் இன்னொருவர். இது நல்ல யோசனைதான். 2023இல் கனடா உள்பட பத்து நாட்டுச் செல்போன் எண்களோடு என்ஆர்ஐ கணக்குக்காரர்கள் யூபிஐ பயன்படுத்த வழி திறந்தார்கள். அதற்கு உங்கள் கனடா எண் அந்த இந்தியக் கணக்கில் பதிவாகி இருக்க வேண்டும். பதிவாகி இருப்பது பழைய ஊர் எண். மாற்ற ஒரு முறை கிளைக்கு நேரில் வந்துவிடுங்கள் என்று சொல்கிற மேனேஜர்கள் உண்டு. நேரில் போக டிக்கெட் வேண்டும்.

ஸ்கார்பரோவில் டிராவல்ஸ் வைத்திருக்கிற நம்மவரிடம் போவது மூன்றாவது யோசனை. அவர் உங்களிடம் காசாக வாங்கிக்கொண்டு, விமான நிறுவனங்களோடு தமக்குள்ள கணக்கில் டிக்கெட்டை எழுதிவிடுவார். உங்கள் கார்டை யாரும் பார்க்கப்போவதில்லை. கொஞ்சம் கூட வாங்குவார். ஆனால் ஒரு மனுஷனிடம் கொடுத்து, அந்த மனுஷனிடமே வாங்குகிறோம், ராத்திரி பதினொன்றுக்கும் போன் எடுப்பார். எனக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. மற்றவர்கள் இவரைப் பழங்காலத்து ஏற்பாடு என்பார்கள், கடைசி நேரத்தில் இவர் வாசலில்தான் நிற்பார்கள்.

எல்லாம் முடிந்து, விலை இரண்டு தரம் ஏறி, ஜன்னலோர இருக்கை போய்விட்ட பிறகு, சித்தப்பா.

“சித்தப்பா, ஒரு சின்ன உதவி...”

“டிக்கெட்டா? இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா. தேதியச் சொல்லுல.”

அவர் போனைக் கண்ணுக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பேரன் சொல்லச் சொல்ல அழுத்துவார். தகப்பன் பெயர் எந்தக் கட்டம், உன் பெயர் எந்தக் கட்டம் என்று அவர் கேட்கவே மாட்டார், இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுவிடுவார், போய்விடும். யூபிஐ ரகசிய எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டுவார். பாதுகாப்பு நிபுணர்கள் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளவும். அரை நிமிடத்தில் டிக் என்று ஒரு சத்தம் கேட்கும். “ஆச்சு. காச அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல வந்து சேரு.”

காசை அப்புறம் பார்த்துக்கொள்ளும் வேலை தனிக் கையேடு. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஆப் ஒன்றை இறக்கி, கார்டு எண், முகவரி, அஞ்சல் குறியீடு எல்லாம் கொடுத்து... வேண்டாம், ஊருக்குப் போகும்போது கையில் கொடுத்துக்கொள்ளுங்கள். வாங்கமாட்டேன் என்பார். சித்தியிடம் கொடுங்கள்.

டிக்கெட் சித்தப்பா போனுக்கு வரும். அதைத் தள்ளிவிடத் தெரியாமல், பேரனின் போனால் தன் போன் திரையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்புவார். மூலையில் கட்டைவிரல் தெரியும், பிஎன்ஆரின் கடைசி எழுத்து விரலுக்கு அடியில் இருக்கும். சென்னை விமான நிலையத்தில் நீங்கள் வாசலில் பாஸ்போர்ட்டும் கையுமாக நிற்கும்போது அந்த ஒரு எழுத்தைக் கேட்டு அவருக்குப் போன் போடவேண்டி வரும். உள்ளே போய் உட்கார்ந்தபின் அவர் உங்களுக்குப் போடுவார்.

“ஏலே, கேட் மாத்திட்டானாம்ல. நாப்பது நிமிசம் லேட்டுன்னு போட்டிருக்கான். ஒனக்கு ஒண்ணும் வரல?”

வந்திருக்காது. அதற்கப்புறம் விமானம் புறப்பட்டது, இறங்கியது, பெட்டி எந்த பெல்ட்டில் வரும் என்கிற எல்லாமே வாகைக்குளம் வாசலில் காரோடு நிற்கிற அவருக்குத்தான் வரும். மறுநாள் காலையில், உங்கள் பயணம் எப்படி இருந்தது, எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று கேட்டு ஒரு மெசேஜும் வரும். சித்தப்பா யாரிடமும் கேட்காமல் ஐந்து போட்டுவிடுவார்.